மஞ்சள் சட்டை வந்துவிட்டது, மைதானம் எப்போது வரும்?

ஐபிஎல் தொடங்கிவிட்டால் பொத்தேரி ரயில் நிலைய நடைமேடை மஞ்சளாகிவிடுகிறது. சேப்பாக்கத்தில் இரவு ஆட்டம் என்றால் மதியம் மூன்று மணிக்கே மின்சார ரயில் ஏறிவிடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். மறைமலைநகர் தொழிற்சாலைகளில் காலை ஷிப்ட் முடித்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம் குடியிருப்புகளின் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாதிப் பேரின் முதுகில் 7 என்ற எண். டிக்கெட் வைத்திருப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் மைதானத்துக்கு வெளியே நின்று கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கடைசி ரயிலில் திரும்புவார்கள்.

அதே பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வேண்டுமானால் மனை போட்ட நிலத்துக்குப் போக வேண்டும். அங்கே மனைக்கல்தான் ஸ்டம்ப். டென்னிஸ் பந்தின் மேல் டேப் சுற்றியிருக்கும். இருபது பேருக்கு ஒரு மட்டை, அதுவும் பிடி விட்டுப்போய் சணல் கட்டியது. சென்ற மாதம் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். மூன்று வருடத்தில் மூன்று இடம் மாறியாயிற்று என்றான் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். மனை விற்றதும் கம்பி வேலி வந்துவிடும். பிறகு வேறு காலி மனை தேட வேண்டும். ஏரி வற்றும் மாதங்களில் ஏரிக்குள் ஆடுவார்கள். "மழை வந்தா எங்க ஆடுவீங்க?" என்று கேட்டோம். "மழை வந்தா ஆட மாட்டோம்ண்ணா, கேரம்தான்" என்றான்.

அந்தப் பையன் உயிராய் நேசிக்கும் அணி அவனுக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் இன்று பேச விரும்புகிறோம். அணியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அணியின் ரசிகர்கள்தான், நாமும் தோற்றால் தூக்கம் கெடுகிறவர்கள்தான். அதனால்தான் கேட்கிறோம்.

கொடுத்த கணக்கு

சென்னை சூப்பர் கிங்ஸ் எதுவுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2019-ல் புல்வாமா தாக்குதலில் உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்காக, சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்தின் டிக்கெட் வருமானத்தை அறிவித்து 2 கோடி ரூபாய் கொடுத்தது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் மூச்சுத்திணறி மக்கள் மருத்துவமனை வாசலில் கிடந்தபோது 450 ஆக்சிஜன் செறிவூட்டிகளைத் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைத்தது. பள்ளி அணிகளுக்கு ஜூனியர் சூப்பர் கிங்ஸ் என்ற பெயரில் டி20 போட்டிகளை நடத்துகிறது. 2022-ல் சென்னை துரைப்பாக்கத்திலும் சேலத்திலும் பயிற்சி அகாடமிகளைத் தொடங்கியது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பள்ளிப் போட்டிக்கு வர, முதலில் பள்ளியில் ஓர் அணி இருக்க வேண்டும். அணி இருக்க உடற்கல்வி ஆசிரியரும் திடலும் வேண்டும். அகாடமியில் சேரக் கட்டணம் வேண்டும், வெள்ளை உடையும் ஷூவும் கிட்டும் வேண்டும். மனைக்கல்லை ஸ்டம்பாக வைத்து ஆடுகிறவன் இந்த இரண்டு வாசலுக்கும் வெளியே நிற்கிறான். சேப்பாக்கத்திலும் அவன் வெளியேதான் நிற்கிறான்.

அணியும் அவனுக்குத் தூரத்தில் இல்லை. சூப்பர் கிங்ஸின் உயர்திறன் பயிற்சி மையம் நாவலூரில், நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. பொத்தேரியிலிருந்து கூடுவாஞ்சேரி, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை என்று போனால் போக்குவரத்து நெரிசலிலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் வாசலில் நிற்கலாம். ஊர் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்ட அணி, இப்போது நம் மாவட்டத்து மண்ணில் பயிற்சி எடுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அணி என்பது பதினொரு வீரர்கள் மட்டும் இல்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்பது பதிவு பெற்ற ஒரு நிறுவனம். 2023-24 நிதியாண்டில் அதன் நிகர லாபம் 200 கோடி ரூபாய்க்கும் அதிகம். ஐபிஎல் ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அணிகளின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒளிபரப்புப் பணத்திலிருந்து வருகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நம் பிள்ளைகள் போடும் ரீசார்ஜிலிருந்தும், ஓவருக்கு ஓவர் நாம் பார்க்கும் விளம்பரங்களிலிருந்தும், அந்த விளம்பரத்தைப் பார்த்து நாம் வாங்கும் சோப்பிலிருந்தும் குளிர்பானத்திலிருந்தும் வந்தது. கூலி வேலை செய்யும் வீட்டின் பணமும் அதில் இருக்கிறது.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர லாபம் ஈட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சராசரி லாபம் 100 கோடி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொகை 2 கோடி. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை பட்டியல் போடுகிறது. ஊரக விளையாட்டுகளை வளர்க்கும் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மக்கள் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நடவடிக்கைகளும் இருக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நலனுக்காக மத்திய அரசு அமைக்கும் நிதிக்கும் கொடுக்கலாம்.

நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று மத்திய அமைச்சகம் பின்னர் விளக்கம் அளித்துவிட்டது. ஆகவே வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் கேட்பதற்கு அந்த ஒரு வரி போதும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தன் விளம்பரத்துக்காக ஒரு நிறுவனம் தரும் ஆதரவு இந்தக் கணக்கில் சேராது. தன் வழக்கமான வியாபாரமும் சேராது. லோகோ போட்ட சட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதையும், கட்டணம் வாங்கி நடத்தும் அகாடமியையும் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. எந்த நிறுவனமானாலும் என்ன செலவு செய்தது என்பதை ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். கல்லூரி மாணவர்கள் அதை எடுத்துப் படித்து ஊரில் சொல்ல வேண்டும்.

இரண்டரை சென்ட்டும் இரண்டே முக்கால் ஏக்கரும்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. சென்னை நகருக்குள்ளிருந்த குடிசைப் பகுதி மக்களை அப்புறப்படுத்தி, பழைய மாமல்லபுரம் சாலையோரம் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை தர யோசித்தவர்கள் எல்லாம் அன்று அந்தப் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

அங்கிருந்து ஏன் கபடி வந்தது, ஏன் கிரிக்கெட் வரவில்லை? பெண்கள் கபடிக் களத்தின் அளவு 12 மீட்டருக்கு 8 மீட்டர். நம் கணக்கில் இரண்டரை சென்ட்டுக்கும் குறைவு. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே கிடைக்கும் இடத்திலேயே கோடு கிழித்துவிடலாம். கிரிக்கெட்டுக்கு நடு ஆடுகளத்திலிருந்து எல்லைக்கோடு 65 கெஜம் என்று வைத்தாலே சுமார் இரண்டே முக்கால் ஏக்கர் வேண்டும். இரண்டரை சென்ட் கிடைத்தவர்கள் இரண்டரை சென்ட்டில் ஆடக்கூடிய ஆட்டத்தில் உலகத்தை வெல்கிறார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டிய ஆட்டம் ஏக்கர் வைத்திருப்பவர்களிடமே இருக்கிறது. திறமை நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் இல்லை, நிலம்தான் இல்லை.

இதே மாவட்டத்தின் கடற்கரையைப் பாருங்கள். கோவளம் மீனவரான மூர்த்தி மேகவன் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தார். ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும், குடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. இன்று கோவளம், மாமல்லபுரம் பிள்ளைகள் தேசிய அளவில் பரிசு வாங்குகிறார்கள். பலகையும் பயிற்றுநரும் கிடைத்ததும் இது நடந்தது. களம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கடலுக்குப் பட்டா கிடையாது, அதற்கு யாரும் வேலி போடவும் முடியாது.

நிலத்தில் அப்படி இல்லை. செங்கல்பட்டுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய கதையும் இல்லை. இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் முன்னோர்களின் நிலையை ஆராய்ந்து 1891-ல் அளித்த அறிக்கையின் பேரில்தான் 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். பயிர் செய்யும் நிலத்துக்காகப் போராடிய அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று விளையாட இடம் தேடி மனை மனையாக அலைகிறார்கள்.

பாலூவுக்குக் கிடைக்காத மட்டை

கிரிக்கெட்டும் சாதியும் பழைய உறவு. 1876-ல் பிறந்த பல்வங்கர் பாலூ, தலித் குடும்பத்துப் பிள்ளை. புனேவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்தில் ஆடுகளத்தைப் பெருக்கினார், உருளை இழுத்தார், வலை கட்டினார். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மணிக்கணக்கில் பந்து வீசினார். வீசி வீசியே இந்தியாவின் சிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். ஆனால் அந்த வலையில் ஒருநாளும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, விக்கெட் வேண்டுமே! தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் ஊற்றினார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர் அவர். இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. போராட்டங்களுக்குப் பிறகு 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் வந்தது.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் போய்ப் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போன ஒரு தலித் மாணவனைக் கீழே இழுத்துப் போட்டுக் கைவிரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் வென்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். தோற்றாலும் குற்றம், வென்றாலும் குற்றம் என்றால் பிள்ளைகள் எங்கே போய் விளையாடுவது?

மைதானம் எந்தப் பக்கம்?

இங்கேதான் ஓர் அணியால் முடிகிற, அரசால் எளிதில் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கியது. நல்ல திட்டம். ஆனால் பையைத் திறந்து பந்தை எடுத்தால் எங்கே ஆடுவது என்ற கேள்வி வருகிறது. ஊருக்குப் பொதுவான திடல் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஊர்ப் பக்கம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முதலில் மட்டை பிடிப்பது யார், பந்து பொறுக்கிப் போடுவது யார், சண்டை வந்தால் எந்தச் சொல் முதலில் வாயில் வரும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் அவர்கள் மனைக்கல்லுக்கே திரும்புகிறார்கள்.

மஞ்சள் சட்டைக்கு மட்டும் ஊரிலும் சேரியிலும் ஒரே மரியாதை. இரண்டு தெருப் பிள்ளைகளும் போடுகிற ஒரே சட்டை அதுதான். அந்த அணி ஓர் ஆடுகளத்தை அமைத்துத் தருவதாக இருந்தால் அதைச் சேரிப் பக்கம் அமைக்கட்டும் என்பதே நம் கோரிக்கை. சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் தனித் திடல் கேட்கவில்லை. தனித் தேநீர்க் குவளையை எதிர்த்தவர்கள் தனி மைதானம் கேட்க மாட்டோம். எல்லாருக்கும் பொதுவான திடலாக இருக்கட்டும், ஆனால் அது நம் தெருவின் முனையில் இருக்கட்டும். நல்ல ஆடுகளமும் வலையும் பயிற்றுநரும் அங்கே இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் தாமாகவே நடந்து வருவார்கள். இதுவரை நாம்தான் அந்தப் பக்கம் நடந்துபோய் வெளியே நின்றோம். ஒரு தலைமுறை பிள்ளைகள் இந்தப் பக்கம் நடந்து வந்து பழகினால், பெரியவர்கள் மேடையில் பேசும் சமத்துவத்தை விட அது கூடுதலாகவே வேலை செய்யும்.

இது நடக்காத காரியம் இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன், விசைத்தறித் தொழிலாளியின் மகன். டென்னிஸ் பந்தில் ஆடி, டிஎன்பிஎல், ஐபிஎல் என்று வளர்ந்து இந்திய அணிக்குப் போனவர். தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டி 2023 ஜூனில் திறந்தார். ஒரு வீரரால் தன் சம்பாத்தியத்தில் ஒரு ஊருக்குச் செய்ய முடிந்தது இது. ஒரு நிறுவனத்தால் எத்தனை ஊருக்குச் செய்ய முடியும்? இங்கிலாந்தில் 1980-களில் சில கால்பந்து அணிகள் தங்கள் ஊரின் ஏழைக் குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் பயிற்றுநர்களை அனுப்பத் தொடங்கின. இன்று அங்கே பிரீமியர் லீக் அணி ஒவ்வொன்றும் இதற்கென்றே தனி அறக்கட்டளை வைத்திருக்கிறது. ஒருநாள் வந்து கையசைத்துவிட்டுப் போகிற வேலையாக இல்லாமல், வாரா வாரம் அதே பயிற்றுநர் அதே பிள்ளைகளிடம் வருகிறார். பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

அணி நிலம் தர முடியாது, நிலம் அரசும் உள்ளாட்சியும் தர வேண்டியது. அதற்கும் வழி இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுகள் பெருகிக்கொண்டே போகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதில்தான் வர வேண்டும். நம் பகுதியில் அப்படி ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் எவை, அவை இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவை எழுதப் பட்டதாரி வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பு மாணவி போதும்.

நிலம் தெரிந்துவிட்டால் தீர்மானம் போட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நகராட்சிப் பகுதிகளில் பகுதி சபை இருக்கிறது. எந்தச் சர்வே எண்ணில் உள்ள நிலத்தில் பொதுத் திடல் வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் ஒதுக்க வேண்டும், கழிப்பறை வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று தெளிவாக எழுதித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு நகல் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு. மூன்றாவது நகலைச் சூப்பர் கிங்ஸ் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆடுகளம் அமைக்கவும், மூன்று ஆண்டுகளுக்காவது ஒரு பயிற்றுநருக்குச் சம்பளம் தரவும், ஆண்டுதோறும் நாவலூர் மையத்தில் சில பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தரவும் கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் நிறுவனங்களின் நிதியைப் பெற்று விளையாட்டுக்குச் செலவிடுகிறது. நேரடியாகச் செய்யத் தயங்கும் நிறுவனம் அதன் வழியாகவும் செய்யலாம்.

கடிதம் எழுதும்போது கெஞ்சி எழுத வேண்டாம். 'ஏழைப் பிள்ளைகள், இரக்கம் காட்டுங்கள்' என்று எழுதாதீர்கள். நாங்கள் உங்கள் ரசிகர்கள், உங்கள் வருமானத்தில் எங்கள் காசு இருக்கிறது, உங்கள் பயிற்சி மையம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, சட்டம் சுற்றுவட்டாரத்தைப் பார்க்கச் சொல்கிறது என்று எழுதுங்கள். தீர்மானத்தின் நகலை இந்தப் பகுதிக்கும் அனுப்பி வையுங்கள். எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் போனது, என்ன பதில் வந்தது என்பதை ஊர் வாரியாக இங்கே வெளியிடுகிறோம். அணி நல்ல பதில் தந்தால் அதையும் இதே இடத்தில் மகிழ்ச்சியோடு எழுதுவோம்.

பொத்தேரியில் அந்தப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்த மனைக்குச் சென்ற வாரம் மறுபடி போயிருந்தோம். ஒரு பக்கம் கல்தூண் நட்டிருந்தார்கள், கம்பி இன்னும் வரவில்லை. பிள்ளைகள் தூண்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தார்கள். தூணைத் தாண்டிப் பந்து போனால் நான்கு ரன் என்று புது விதி வைத்திருந்தார்கள்.